ஒரு லேப்டாப், ஒரு டேப்லெட், வெள்ளானூர் வழியாக டென்மார்க்

போன மாதம் மூன்று நாள் டென்மார்க் போய் வந்தேன். மேனாம்பேட்டில் கிளம்பி ஆவடி, வெள்ளானூர், பூந்தமல்லி, நசரத்பேட்டை என்று போனதால் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

விமானத்தில் போனவர் எங்கள் முதலாளி ராஜவேலு. அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் ஒரு சந்துக்குள் எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறை அவருடையது. சக்கர நாற்காலியின் சக்கரத்தைக் கோத்து நிறுத்தும் விரல் நீள எஃகுப் பின்களை அங்கே கடைகிறோம். கடைந்ததை அளந்து, தடவி, நல்லது கெட்டது பிரிப்பது என் வேலை. டென்மார்க்கில் ஒரு கம்பெனி எங்கள் பின்களைக் கேட்டிருந்தது. முதல் லோடு அவர்களுக்குப் பிடித்தால் வருஷம் முழுக்க வேலை உண்டு. பிடிக்காவிட்டால் முதலாளி பட்டறையை மூடிவிட்டு அதே இடத்தில் மச்சானோடு சேர்ந்து கல்யாண மண்டபம் கட்டுவார். மண்டபத்தின் வரைபடத்தைச் சுவரில் ஏற்கெனவே ஒட்டிவிட்டார்கள். அதில் என் மேஜை இருக்கும் இடத்தில் கை கழுவும் தொட்டி வருகிறது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, படிப்பு ஐந்தாம் வகுப்பு. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் எனக்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

டென்மார்க்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். பின்னைப் பதமேற்றும் வெள்ளானூர் உலை, பளபளப்பாக்கும் பூந்தமல்லிப் பட்டறை, பெட்டியில் அடுக்கும் நசரத்பேட்டை கிடங்கு, மூன்றையும் அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். நேரில் வர மாட்டார்கள். விமானத்தில் வந்தால் காற்று கெடுமாம். அதனால் எங்கள் முதலாளியை விமானத்தில் அங்கே வரச் சொன்னார்கள். மூன்று இடங்களையும் இங்கிருந்து வீடியோவில் காட்ட ஒரு ஆள் வேண்டும், அது நான்.

முதலாளிக்குப் பயணம் பற்றிய வீடியோக்கள் பார்க்கும் பழக்கம் உண்டு. ஒருவர் மலை மேல் உட்கார்ந்திருப்பார். ஒரு பக்கம் காப்பிக் கோப்பை. முன்னால் இலேசான லேப்டாப், பக்கத்தில் டேப்லெட். "இந்த ஜோடி இருந்தால் உலகம் முழுக்க உங்கள் ஆபீஸ்தான்" என்பார். அவர் என்ன வேலை செய்கிறார் என்பதைக் கடைசி வரை சொல்ல மாட்டார். முதலாளி அதே ஜோடியை வாங்கிவிட்டார்.

"தோ பாரு ஏகாம்பரம்," என்றார் என்னிடம். "லேப்டாப்பு பேசுறதுக்கும் காட்டுறதுக்கும். டேப்லெட்டு டிக் போடுறதுக்கு. அவங்க பேசுறத அதுவே தமிழ்ல எழுதிக் காட்டும். ரெண்டும் புருசன் பொஞ்சாதி மாதிரி. ஒண்ணோட வேலைய இன்னொண்ணு செய்யக் கூடாது, செஞ்சா கொயப்பம்."

எங்கள் வீட்டில் அப்படி எந்தப் பிரிவினையும் கிடையாது. சொல்லவில்லை. நான் பொதுவாகச் சொல்வதில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு நாக்கு எழாது. நான் போவதற்குக் காரணமே பின்னைப் பற்றிக் கேட்டால் தெரிந்தவன் ஒருவன் அங்கே இருக்க வேண்டும் என்பதுதான். கேள்விக்குத் தலையாட்டினால் போதும் என்று முதலாளி வாக்குக் கொடுத்தார்.

லேப்டாப் ஒரு கிலோகூட இல்லை. இரண்டு விரலால் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். பிறகு பையில் போட்டார்கள்: லேப்டாப்பின் சார்ஜர், டேப்லெட்டின் சார்ஜர், இரண்டையும் நிறுத்தும் இரும்புத் தாங்கி, பேனா, பேனாவுக்குச் சார்ஜர், மவுஸ், பவர் பேங்க், பிளக் ஓட்டை பொருந்தாத இடத்துக்கு ஒரு டப்பா, அந்த டப்பா வேலை செய்யாவிட்டால் இன்னொரு டப்பா, எக்ஸ்டென்ஷன் பலகை. கடைசியாக, கரண்ட் போனால் என்ன செய்வது என்று எல்லா வரைபடங்களையும் பிரின்ட் எடுத்து ஒரு தடி ஃபைல். என் அளவுக் கருவிகள் ஒரு சோப்பு டப்பாவில் அடங்கும். பையைத் தூக்கியபோது இலேசான ஜோடி என் தோளை ஒரு பக்கமாக இறக்கிவிட்டது.

லேப்டாப்புக்கு என் முகத்தைக் காட்டிப் பழக்கினார்கள். முகத்தைப் பார்த்தால் தானாகத் திறக்கும். பட்டறையில் நாலு முறை திறந்தது. பிறகு முதலாளியம்மா புஷ்பா வந்து பூசை போட்டார். எந்தப் பொருளுக்கும் நெற்றி எது என்று கண்டுபிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். லேத், டிரில்லிங் மிஷின், வேன், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் நெற்றி பார்த்துப் பொட்டு வைத்திருக்கிறார். லேப்டாப்பைத் திறந்து, கண்ணாடியின் மேல் விளிம்பில் சரியாக நடுவில், தண்ணீர் தொட்டுக் குங்குமம் வைத்தார். ஈரம் காய்வதற்குள் மூடிப் பையில் வைத்துவிட்டார்கள்.

"லோடு வண்டி ஏறுற வரைக்கும் அந்தப் பொட்டத் தொடக் கூடாது, தெர்தா?" என்றார் அம்மா.

தலையாட்டினேன்.

முதல் நாள் வெள்ளானூர். அம்பத்தூரில் ரயில் ஏறி ஆவடி போய், அங்கிருந்து பேருந்து. ரயிலில் உட்கார இடம் இருந்தும் பையை வைக்க இடம் இல்லை. மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். கதவோரம் நின்ற ஒருவர் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, கொயந்தயா?"

"லேப்டாப்பு."

"ஐடில கீறியா?"

தலையாட்டினேன். தெரியாத ஆளிடம் விளக்கம் சொல்வதைவிட ஐடியில் இருப்பது சுலபம். திருமுல்லைவாயல் வருவதற்குள் அவர் தன் மகனுக்கு வேலை கேட்டுவிட்டார். அண்ணனூர் வருவதற்குள் மகனின் படிப்பு, மார்க், பல்லில் கம்பி போட்டிருப்பது வரை தெரிந்துவிட்டது. ஆவடியில் இறங்கும்போது, "மறந்துடாத, தலைவா" என்றார். இன்னும் மறக்கவில்லை.

வெள்ளானூர் உலைக்காரன் தேவராஜ் எனக்குப் பழைய சிநேகிதன். உலைக்கு முன்னால் இரண்டு டிரம்களை உருட்டி வந்து நிறுத்தி, மேலே பலகை போட்டு எனக்கு ஆபீஸ் அமைத்துக் கொடுத்தான். வீடியோக்காரர் காப்பி வைத்த இடத்தில் தேவராஜ் மசால் வடை வைத்தான்.

லேப்டாப் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தது, தெரியாது என்றது. கிட்டே போனேன், தள்ளி நின்றேன், சிரித்தேன், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன்.

"மாமே, காலையில மூஞ்சி கயுவுனியா இல்லியா?" என்றான் தேவராஜ்.

காகிதமே இல்லாத வேலை என்று பெயர். முதலாளி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்த ரகசிய எழுத்துகளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தித் திறந்தேன்.

திரையில் டென்மார்க் வந்தது. ஒரு வெள்ளை அறை. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிற மாதிரியும் பெய்யாத மாதிரியும் இருந்தது. முதலாளி கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் இங்கா என்ற பெண்மணி. பின் நல்லதா கெட்டதா என்று சொல்லும் அதிகாரி. அங்கே நான் செய்யும் வேலையைச் செய்கிறவர். ஆனால் அவருக்குத் தனி அறை.

அத்தோடு திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் நான். இது எனக்கு யாரும் சொல்லாத விஷயம். பேசும்போது நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். முடி வெட்டும் கடையிலேயே கண்ணை மூடிக்கொள்கிறவன் நான். பேருந்து டிக்கெட்டை எடுத்து, மதியம் சாப்பிட்ட டப்பாவில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையால் அந்தக் கட்டத்தின் மேல் ஒட்டினேன். பிறகுதான் மூச்சு வந்தது.

டேப்லெட் தன் வேலையைச் சரியாகச் செய்தது. இங்கா பேசப் பேசத் தமிழில் எழுதிக்கொண்டே வந்தது. "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் முகம் மிகவும் சிவந்துள்ளது. தாங்கள் நலமாக உள்ளீர்களா?"

முதலாளி நடுவில் புகுந்தார். "ஏகாம்பரம், ஏன்யா மூஞ்சி செக்கச்செவேல்னு கீது? வெக்கப்படாதய்யா, அந்தம்மா ஒண்ணும் உன்ன பொண்ணு பாக்க வரல."

"உலை பக்கம் குந்திகினு கீறான் மொதலாளி," என்று தேவராஜ் என் சார்பில் கத்தினான். "அனலு!"

உலையைக் காட்டினேன். சிவப்பாக இருந்தது. உலை சிவப்பாக இருப்பதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. பதமேற்றிய பின்னை அரம் வைத்துத் தேய்த்துக் காட்டினேன். அரம் வழுக்கியது. அப்படி வழுக்கினால் பதம் நன்றாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். டேப்லெட்டில் டிக் போட்டேன். முதல் நாள் டென்மார்க் முடிந்தது.

போகும் முன் முதலாளி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அது வடையா?"

"ஆமா மொதலாளி."

"கொஞ்சம் கிட்ட காட்டு."

காட்டினேன். அவர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கறுப்பு ரொட்டி மேல் ஊறப்போட்ட மீனை வைத்துக் கொடுக்கிறார்கள், மீனுக்குக் காரம் கிடையாது, சூடும் கிடையாது என்றார். அவ்வளவு தூரம் போன மனிதர் திரையில் வெள்ளானூர் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெள்ளானூரில் உட்கார்ந்து டென்மார்க் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் இருந்த இடம் பிடிக்கவில்லை. பயணம் என்றால் இதுதான் போலிருக்கிறது.

இரண்டாம் நாள் பூந்தமல்லி. ஷேர் ஆட்டோவில் பை என் மடியில். எதிரே உட்கார்ந்த அம்மா ஒருவர் அதைப் பார்த்தார். தட்டையாக, உறுதியாக, நல்ல உயரத்தில் இருந்தது. தன் கீரைக் கட்டுகளை அதன் மேல் வைத்தார்.

"கொஞ்சம் புடிச்சுக்க நைனா, கீய வெச்சா மெரிச்சுடுவானுங்க."

இரண்டு அரைக்கீரை, ஒரு முருங்கை, ஒரு மணத்தக்காளி. உலகமே ஆபீஸ் என்ற அந்த மலை வீடியோக்காரர் இந்த வழியாக வந்தால் கீரை பிடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். இறங்கும்போது பையின் மேல் ஈரம். உள்ளே போயிருக்குமோ என்று திறந்து பார்த்தேன். லேப்டாப்பின் பொட்டு மூடித் திறந்ததில் நசுங்கி, மேல் விளிம்பில் இளஞ்சிவப்பாகப் பரவியிருந்தது. தொடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் தொடவில்லை.

பஷீர் பாயின் பாலிஷ் பட்டறை பூந்தமல்லி கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது. துணிச் சக்கரம் சுற்றும், அதில் சிவப்புப் பாலிஷ் கட்டியைத் தேய்த்து, பின்னை வைத்து அழுத்துவார்கள். பாயின் புருவம் முதல் பட்டறைப் பூனை வரை எல்லாவற்றிலும் சிவப்புத் தூள் படிந்திருந்தது.

அன்றும் லேப்டாப்புக்கு என்னைத் தெரியவில்லை. மறுபடி சீட்டு. மறுபடி டிக்கெட்டை ஒட்டிய கட்டம். முதல் நாள் டிக்கெட்டையே எடுக்காமல் விட்டிருந்தேன்.

"இன்றும் எல்லாம் சிவப்பாகத் தெரிகிறது," என்று இங்கா சொன்னதாக டேப்லெட் எழுதியது.

"ஏகாம்பரம், இன்னாயா இது?" என்றார் முதலாளி.

பஷீர் பாய் தலையை நீட்டினார். "சலாம் மொதலாளி! நம்ம தூள் அது. காத்து பூரா பறக்குது. நானே இருவது வருசமா சிவப்பாத்தான் கீறேன், எங்க ஊட்ல யாரும் கேட்டதில்ல."

இங்கா சிரித்தார். டிக் விழுந்தது. மதியம் பாய் வீட்டிலிருந்து பிரியாணியும் தால்சாவும் வந்தன. முதலாளி அன்றைக்குச் சாப்பாட்டைக் காட்டச் சொல்லவில்லை. "காட்டாத" என்று அவரே சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

மூன்றாம் நாள்தான் முக்கியமான நாள். நசரத்பேட்டை கிடங்கில் பின்கள் எண்ணெய் தடவி, நீலத் தட்டுகளில் அடுக்கித் தயாராக இருந்தன. சாயங்காலம் ஐந்து மணிக்கு கண்டெய்னர் கிளம்ப வேண்டும். அதற்குள் இங்கா சரி என்று சொன்னால் சரக்கு ஏறும். சொல்லாவிட்டால் கண்டெய்னர் காலியாகப் போகும், கை கழுவும் தொட்டி வரும்.

நான் ஏறிய பேருந்து நசரத்பேட்டையில் நிற்காமல் பெங்களூர் நெடுஞ்சாலையில் பறந்தது. கண்டக்டரிடம் உரக்கச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இரண்டு முறை மெதுவாகச் சொன்னேன். மூன்றாவது முறை அவர் காதில் விழுந்தபோது ஊர் பின்னால் போயிருந்தது. "வாய்ல இன்னா வெச்சுகினு கீறே?" என்று கேட்டு இறக்கிவிட்டார். லாரிகளுக்கு நடுவே, இலேசான ஜோடியைத் தோளில் சுமந்து, வெயிலில் திரும்பி நடந்தேன். கிடங்குக்கு வரும்போது மணி இரண்டு. சாப்பிட நேரமில்லை.

கிடங்கு சுத்தமாக இருந்தது. வெள்ளைச் சுவர், வெள்ளை டியூப் லைட். உலை இல்லை, சிவப்புத் தூள் இல்லை. ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினேன்.

இங்கா முகத்தைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுவந்தார். அடுத்த தட்டைக் கேட்டார். அதற்கு அடுத்ததைக் கேட்டார். பிறகு டேப்லெட்டில் எழுத்து வந்தது: "இவை அனைத்தும் துருப்பிடித்துள்ளன. இந்தச் சரக்கை ஏற்க இயலாது. வருந்துகிறேன்."

நான் இரண்டு முறை படித்தேன். பின்னைப் பார்த்தேன். வெள்ளி மாதிரி இருந்தது. துணியால் துடைத்துக் காட்டினேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"யோவ் ஏகாம்பரம்!" முதலாளியின் குரல் உடைந்திருந்தது. "எண்ண தடவலியா?"

"தடவிக் கீது மொதலாளி."

"அப்போ துரு எப்பிடிய்யா வந்துச்சு? எனக்கே தெரியுது, செங்கல்லு மாதிரி கீது!"

ஒவ்வொரு பின்னையும் என் கையால் தடவிப் பிரித்தவன் நான். துரு இருந்தால் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். இங்கா, முதலாளி, கண்டெய்னர் டிரைவர், கிடங்கு ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

அங்கே சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. துரு வந்தாலும் சாப்பாட்டு நேரம் மாறாது. இங்கா எழுந்து போனார். முதலாளி போகவில்லை. அவருக்கு முன்னால் ஒரு தட்டில் மீன் ரொட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பசி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கிடங்கில் வேறு மேஜை இல்லாததால் லேப்டாப்புக்கு முன்னாலேயே டிபன் டப்பாவைத் திறந்தேன்.

"இன்னாயா அது?" என்றார் முதலாளி.

"சாப்பாடு மொதலாளி."

"தெரியுது. தக்காளி சாதமா?"

"தயிர் சாதம்."

"தயிர் சாதமா? ஏகாம்பரம், நான் ஏற்கெனவே நொந்துபோய்க் கீறேன். என்னாண்ட வெளாடாத. அது தக்காளி சாதம்."

"இல்ல மொதலாளி. சரோஜா கட்டிக் குட்தது. தயிர் சாதம், மாவடு."

"நாலு நாளா ஊட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கினு கீறேன், தக்காளி சாதம் எனக்குத் தெரியாதா? செவப்பா எண்ண மெதக்குது!"

இருபத்தாறு வருஷமாக முதலாளியை நான் எதிர்த்துப் பேசியதில்லை. போனஸ் குறைந்தபோது பேசவில்லை. கை கழுவும் தொட்டியைப் பார்த்தபோதும் பேசவில்லை. ஆனால் சரோஜா விடியற்காலை எழுந்து, நான் வெயிலில் அலைந்தாலும் புளிக்காமல் இருக்கப் பால் கூடுதலாக ஊற்றி, பிசைந்து கட்டிய சாதம் அது.

"மொதலாளி, எங்க ஊட்டுக்காரி கட்டுனது எனக்குத் தெரியாதா? தயிர் சாதம்னா தயிர் சாதம்!" குரல் கிடங்குக்குள் எதிரொலித்தது. கண்டெய்னர் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ எனக்கு எப்பிடி சிவப்பா தெரியுது?"

"தெரியல."

"நீயே பாருய்யா உன் கட்டத்துல!"

திரையோரத்துக் கட்டத்தைச் சொன்னார். நான் பேருந்து டிக்கெட்டைப் பிய்த்தேன். மூன்று நாளாக நான் பார்க்காத கட்டத்துக்குள், செவ்வாடை கட்டின மாதிரி ஒரு மனிதன், சிவந்த முகத்தோடு, கையில் தக்காளி சாதம் வைத்திருந்தான். பின்னால் வெள்ளைச் சுவரும் சிவப்பு. என் நரைத்த முடி மருதாணி போட்ட மாதிரி இருந்தது.

டப்பாவைப் பார்த்தேன், வெள்ளை. திரையைப் பார்த்தேன், சிவப்பு. என் விரல் மெதுவாகக் கண்ணாடியின் மேல் விளிம்புக்குப் போனது. புஷ்பா அம்மாவின் பொட்டுக்கு அடியில், மிளகைவிடச் சின்னதாக, ஒரு வட்டக் கண் இருந்தது.

"மொதலாளி," என்றேன். "அம்மா வெச்ச குங்குமம். இதோட கண்ணு மேல கீது."

முதலாளி திரைக்குக் கிட்டே குனிந்தார். பிறகு, "தொடச்சுடு" என்றார்.

"லோடு ஏறுற வரைக்கும் தொடக் கூடாதுன்னு அம்மா சொல்லிக் கீறாங்க."

"நான் சொல்றேன், தொடச்சுடு."

"அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு..."

"வாணாம்!" என்று இங்காவின் அறை அதிரக் கத்தினார். "அவளாண்ட அப்புறம் நீ சொல்லிக்கோ."

"நீங்க சொல்லுங்க மொதலாளி."

"சரி, யாரும் சொல்ல வாணாம். தொடச்சுடு!"

கன்னத்தில் இரண்டு முறை போட்டுக்கொண்டு, சட்டை நுனியால் துடைத்தேன். திரையில் சாதம் வெளுத்தது. மாவடு பச்சையானது. டென்மார்க்கில் ராஜவேலு முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தயிர் சாதம்தான்யா," என்றார்.

இங்கா திரும்பி வந்தார். தட்டைக் காட்டினேன். வெள்ளையாக மின்னியது. அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. டேப்லெட் எழுதியது: "சற்று முன் துருப்பிடித்திருந்தவை இப்போது எவ்வாறு புதியவை ஆயின? நீங்கள் பின்களை மாற்றிவிட்டீர்களா?"

முதலாளி ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். டேப்லெட் அதையும் தமிழாக்கியது: "இது ஒரு தொழில்நுட்பக் கோளாறு. கண்ணாடியின் பாதுகாப்புப் பூச்சு." பொய் தமிழில் படிக்க நன்றாகவே இருந்தது. இங்கா நம்பவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

மணி நாலு. டிரைவர் வண்டியைக் கிளப்பிச் சூடேற்ற ஆரம்பித்துவிட்டார். இனித் தலையாட்டி ஒன்றும் ஆகாது என்று தெரிந்தது. டேப்லெட்டில் பேசுவதற்கான படத்தைத் தொட்டேன். புருஷன் வேலையைப் பொண்டாட்டி செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அம்மா," என்றேன். "இது என் சாப்பாடு. தயிர் சாதம். வெள்ளையா கீது, பாருங்க." டேப்லெட் ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னது. சட்டை நுனியில் ஒட்டியிருந்த குங்குமத்தை விரலில் எடுத்து, அந்தச் சின்னக் கண்ணின் மேல் மெல்லத் தடவினேன். "இப்போ பாருங்க, தக்காளி சாதம்." துடைத்தேன். "இப்போ மறுபடி தயிர் சாதம். பின்னும் அப்பிடித்தான். நான் மாத்தல. ஒவ்வொண்ணையும் என் கையால தடவிப் பாத்துக் கீறேன்."

இங்கா குனிந்து பார்த்தார். "அந்தச் சிவப்புப் பொருள் என்ன?"

முதலாளி வாயைத் திறந்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். "சாமி பொட்டும்மா. உங்க சரக்கு நல்லபடியா வந்து சேரணும்னு மொதலாளியம்மா வெச்சாங்க."

டேப்லெட் அதைச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. சாமிக்கு என்ன வார்த்தை போட்டதோ தெரியாது. இங்கா முதலாளியைப் பார்த்தார். முதலாளி மீன் ரொட்டியைப் பார்த்தார். பிறகு இங்கா சிரிக்க ஆரம்பித்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, மேஜையில் கை வைத்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் மறுபடி அதிகாரி ஆகிவிட்டார். எல்லாத் தட்டையும் ஒன்றுவிடாமல் காட்டச் சொன்னார். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் தயிர் சாதத்தைக் காட்டச் சொன்னார். முப்பத்தாறு தட்டு, முப்பத்தாறு முறை தயிர் சாதம். கடைசி டிக் விழும்போது மணி ஐந்துக்கு ஐந்து நிமிஷம். கண்டெய்னர் போனது.

அதன் பிறகுதான் சாப்பிட்டேன். சாதம் காய்ந்து போயிருந்தது. லேப்டாப்பை அணைத்து மறுபடி திறந்து பார்த்தேன். என் முகத்தைப் பார்த்ததும் பெயர் சொல்லி வரவேற்றது. மூன்று நாள் முகம் கழுவாமல் இருந்தது லேப்டாப்தான், நான் இல்லை என்று தேவராஜுக்கு உடனே போன் செய்து சொன்னேன்.

புஷ்பா அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லாமல் மறைக்க முதலாளியால் இரண்டு நாள்தான் முடிந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா அசையவில்லை. "பொட்டு வெச்சதாலதான் சரக்கு பாஸ் ஆச்சு," என்றார். "இல்லாட்டி அந்தம்மா அத்தினி தட்டும் பாத்திருப்பாளா?" முதலாளி தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

வருஷ ஆர்டர் வந்துவிட்டது. நிபந்தனைகள் ஒன்பது பக்கம். முதலாளி எட்டாவது பக்கத்தைத் தமிழில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார்: ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால், நிறத்தைச் சரிபார்க்கும் பொருட்டு, பரிசோதகர் தயிர் சாதத்தைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும்.

மண்டப வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. மச்சான் கோபித்துக்கொள்வார். அதன் ஆணியில் இப்போது என் பையை மாட்டுகிறேன். பையில் லேப்டாப், டேப்லெட், அவற்றின் உறவுகள் எல்லாம் போக, ஒரு சின்ன டப்பாவும் போகிறது. சரோஜா புளிச் சாதம் கட்டும் நாளிலும் அதில் தனியாகத் தயிர் சாதம் வருகிறது. அதை நான் சாப்பிடுவதில்லை. அது கம்பெனிக் கருவி.

போன வாரம் மறுபடி வெள்ளானூர் கிளம்பும்போது புஷ்பா அம்மா குங்குமக் கிண்ணத்தோடு வந்தார். நான் லேப்டாப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவர் லேப்டாப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தயிர் சாத டப்பாவுக்குப் போய், எது நெற்றி என்று பார்த்து, மூடியின் நடுவில் ஒரு பொட்டு வைத்தார்.

வழியில் ஆவடி ரயிலில் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இறங்கவில்லை, சாதம் வெள்ளையாகத்தான் இருந்தது. சரிபார்ப்பதுதானே என் வேலை.